முளைத்த வெங்காயத்தைக் குப்பையில் போடாதீங்க!



கொஞ்ச நாளைக்கு முன்னால் இந்தப் பகுதியில் ஒரு சகோதரி எழுதியிருந்தார். "மழைக்காலம் வந்தாலே கூடையில் இருக்கிற சின்ன வெங்காயம் எல்லாம் முளைவிட்டுப் போகிறது. பாதிக்கு மேல் குப்பைக்குத்தான் போகிறது. இதற்கு என்ன வழி?" என்று கேட்டிருந்தார். எங்கள் ஊரில் இப்படிக் கேட்டால் சிரிப்பார்கள். "முளைச்சுதா? அப்ப நடு!" இவ்வளவுதான் பதில் வரும். அதையே கொஞ்சம் விவரமாக எழுதலாமே என்று தோன்றியது.

நான் பெரம்பலூர் மாவட்டத்துக்காரி. பத்தாவது வரைதான் படிப்பு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வெங்காயக் காட்டில்தான் பாதி நாள். எங்கள் பக்கம் கரிசல் மண். மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம் மூன்றும்தான் எங்களுக்குச் சோறு போடுகிற பயிர்கள். அதனால் புத்தகத்தில் படித்து எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். என் மாமியார் கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்தது, நானே நட்டுப் பார்த்தது, இவற்றைத்தான் எழுதுகிறேன்.

காய்தான் விதை

பெல்லாரி வெங்காயத்துக்குக் கறுப்பு விதை வாங்கி, நாற்று விட்டு, பிடுங்கி நடுவார்கள். சின்ன வெங்காயம் அப்படி இல்லை. காயையே நட வேண்டும். ஒரு காயை மண்ணில் வைத்தால் அது நாலைந்தாகப் பிரிந்து, ஒரு கொத்தாகக் கூடி வளரும். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்காரர்கள் பூத்து விதை பிடிக்கிற 'கோ 5' ரகத்தையும் கொடுத்திருக்கிறார்கள். ஆனாலும் எங்கள் பக்கத்தில் விதைக்காய் வைத்து நடுவதுதான் பழக்கம்.

வருஷத்துக்கு இரண்டு பட்டம். சித்திரை, வைகாசியில் ஒன்று. புரட்டாசி கடைசி, ஐப்பசியில் ஒன்று. முதல் பட்டத்தில் விளைந்ததை எடுத்து, நல்லதாகப் பொறுக்கி, இரண்டு மாசம் ஓய்வாக வைத்திருந்து, அதைத்தான் புரட்டாசிக்கு நடுவோம். இந்த ஓய்வு ரொம்ப முக்கியம். இன்றைக்குப் பிடுங்கிய காயை நாளைக்கே நட்டால் ஒன்று முளைக்கும், ஒன்று தூங்கும். "பிள்ளை பெத்தவளுக்கு ஓய்வு வேணாமா? காய்க்கும் அப்படித்தான்" என்பார் அத்தை. புரட்டாசி பிறந்து காற்றில் ஈரம் ஏறியதும் காய்க்குத் தானாகவே முழிப்பு வந்துவிடும். உங்கள் கூடையில் வெங்காயம் முளைப்பதும் இதனால்தான். அது கெட்டுப் போகவில்லை. நடுகிற நேரம் வந்துவிட்டது என்று சொல்கிறது!

என் நாத்தனார் ஒருத்தர் இங்கிலாந்தில் இருக்கிறார். அங்கேயும் செப்டம்பர், அக்டோபரில் சின்னச் சின்ன வெங்காயக் காய்களைக் கடையில் விற்கிறார்களாம். அதை வாங்கிக் கொல்லையில் நட்டுவிட்டால், குளிர்காலம் முழுக்க அப்படியே நின்று, அடுத்த ஜூன் மாசம்தான் பிடுங்குவார்களாம். "நம்ம ஊர்ல எழுவது நாள்ல எடுக்கிறதை இங்க ஒம்பது மாசம் காவல் காக்குறோம் அண்ணி" என்று போனில் சொல்லிச் சிரித்தார். அங்கே குருவி வந்து நட்ட காயைப் பிடுங்கிப் போட்டுவிடுமாம். ஊர் எதுவானாலும் காயை நடும் விதம் மட்டும் ஒன்றுதான்: வேர்ப்பக்கம் கீழே, நுனி மேலே.

வீட்டில் நடுவது எப்படி?

காடு கரை இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். கொல்லையில் இரண்டு முழம் இடம் போதும். மாடி வீட்டுக்காரர்கள் பழைய பிளாஸ்டிக் டப், அரிசி சாக்கு, பெயின்ட் வாளி எதில் வேண்டுமானாலும் நடலாம். முக்கால் அடி ஆழம் இருந்தால் சரி. ஆனால் அடியில் ஓட்டை போட மறக்காதீர்கள். வெங்காயத்துக்கு ஈரம் வேண்டும், தேங்குகிற தண்ணீர் ஆகாது.

மண் இரண்டு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு, மணலோ தென்னை நார்க் கழிவோ ஒரு பங்கு கலந்து கொள்ளுங்கள். எரு நன்றாக மக்கியிருக்க வேண்டும். பச்சைச் சாணம் போட்டால் காய் அழுகும்.

காய் பொறுக்குவதுதான் பாதி வேலை. ரொம்பப் பெரிசும் வேண்டாம், பொடியும் வேண்டாம். நடுத்தரமாக, கையில் அழுத்தினால் கல் மாதிரி இருக்க வேண்டும். கழுத்து காய்ந்து மூடியிருக்க வேண்டும். மேல் தோலில் கறுப்புப் பொடி படிந்தது, அழுத்தினால் அமுங்குவது, வாடை அடிப்பது இவற்றை ஒதுக்கி விடுங்கள். இரட்டையாக ஒட்டியிருப்பதைப் பிரித்துக் கொள்ளலாம். மேல் தோலை உரிக்கக் கூடாது. அதுதான் அதற்குச் சட்டை. காய்ந்த வாலையும் பழைய வேரையும் மட்டும் கிள்ளிவிட்டால் போதும். முளை வந்த காயாக இருந்தால் முளை ஒடியாமல் பார்த்து நடுங்கள்.

காய்க்குக் காய் நாலு அங்குல இடைவெளி. முக்கால் பாகம் மண்ணுக்குள், நுனி மட்டும் வெளியே தெரிய வேண்டும். ஆழமாகப் புதைத்தால் அழுகும். மேலாக வைத்தால் தண்ணீர் ஊற்றும்போது சாய்ந்துவிடும். நட்ட அன்றைக்கு ஒரு தண்ணீர், மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர். அப்புறம் விரலை மண்ணில் விட்டுப் பார்த்து, ஒரு கணு ஆழம் காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். மழை பெய்கிற நாளில் தொட்டியைத் தாழ்வாரத்துப் பக்கம் நகர்த்தி விடுங்கள்.

ஒரு வாரத்துக்குள் பச்சை எட்டிப் பார்க்கும். முப்பது நாளில் களையைக் கையாலேயே பிடுங்கிவிட்டு, ஒரு பிடி மக்கிய எருவை ஓரமாகப் போட்டு மண்ணைக் கிளறிவிடுங்கள். செழிப்பாக வரட்டும் என்று யூரியாவை அள்ளிப் போடாதீர்கள். தாள் மட்டும் தளதளவென்று வளரும். காய் பருக்காது. பருத்தாலும் வைத்திருந்தால் தாங்காது.

தாளைக் கிள்ளலாமா என்று கேட்பார்கள். கிள்ளலாம், அளவாக. பாசிப்பருப்பு போட்டு வெங்காயத் தாள் பொரியல் வைத்தால் சோற்றுக்கு வேறு எதுவும் வேண்டாம். ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள். வெங்காயத்தை உரிக்கும்போது ஏடு ஏடாக வருகிறதே, அது ஒவ்வொன்றும் ஒரு தாளின் அடிப்பாகம்தான். தாள் சமைத்துக் கொடுக்கிற சாப்பாடுதான் கீழே போய்ச் சேர்ந்து காயாகிறது. மொட்டையடித்தால் காய்க்குச் சாப்பாடு ஏது? தாளுக்காக இரண்டு தொட்டி, காய்க்காக மூன்று தொட்டி என்று தனித்தனியாக வைத்துக் கொண்டால் சண்டை இல்லை.

தாளில் வெள்ளி மாதிரிக் கோடு விழுந்து நுனி காய்ந்தால் அது இலைப்பேன் வேலை. ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், துளி சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலத்தில் தெளியுங்கள். தாள் முறுக்கிக் கொண்டு திருகினால் திருகல் நோய். தொடர் மழையில் வரும். செடி மஞ்சளாகி, தொட்டு இழுத்தால் வேரில்லாமல் கையோடு வந்தால் அடி அழுகல். அப்படிப்பட்டதை உடனே பிடுங்கித் தூரமாகப் போட்டுவிடுங்கள், எருக்குழியில் போடக் கூடாது. வேளாண்மை அலுவலகத்தில் டிரைக்கோடெர்மா விரிடி என்று ஒரு பொடி கேட்டு வாங்கி, பாக்கெட்டில் போட்டிருக்கிற அளவுப்படி நடுவதற்கு முன் காயில் புரட்டினால் அழுகல் குறையும். ஒரே மண்ணில் திரும்பத் திரும்ப வெங்காயமே நடாமல், நடுவில் கீரையோ வேறு பயிரோ போட்டு மாற்றுங்கள்.

எழுபது நாள் ஆனதும் தாள் மஞ்சளாகித் தானாகத் தலை சாயும். அதற்குப் பத்து நாள் முன்பே தண்ணீரை நிறுத்திவிட வேண்டும். வெயில் அடிக்கிற நாளாகப் பார்த்துப் பிடுங்கி, தாளோடேயே நாலு நாள் நிழலில் உலர்த்துங்கள். பிறகு ஒரு அங்குலம் கழுத்தை விட்டுத் தாளை அரிந்துவிடலாம். ஒட்ட அரிந்தால் அந்த வழியாக அழுகல் உள்ளே போய்விடும். கால் கிலோ நட்டால் ஒன்றரைக் கிலோவாவது கிடைக்கும். நன்றாக வந்தால் அதற்கு மேலேயும் வரும்.

விதைக்காய்க்கு வந்த சோதனை

இதுவரை எழுதியது சமையலறைக் கணக்கு. இனி எழுதப் போவது எங்கள் வயிற்றுக் கணக்கு. விதைக்காய் என்றால் என்ன என்று நான் முழுசாகப் புரிந்துகொண்டது 2019-இல்தான்.

எங்களுக்கு அரை ஏக்கர் வெங்காயம். ஏக்கருக்கு 400 கிலோ விதைக்காய் என்று வேளாண்மைக்காரர்கள் கணக்குச் சொல்வார்கள். காய் கொஞ்சம் பெருக்கமாக இருந்தால் கூடவே பிடிக்கும். அந்த வருஷம் பட்டறையில் 250 கிலோ விதைக்காய் எடுத்து வைத்திருந்தோம். பட்டறை என்றால் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வெளியில் காற்றோட்டமான இடத்தில், தரையில் படாமல் கல் அடுக்கி, அதன் மேல் குச்சியும் சோளத்தட்டையும் பரப்பி, ஒடுக்கமாக, நீளமாகக் கட்டுவார்கள். மேலே கீற்று வேய்ந்திருக்கும். காற்று இந்தப் பக்கம் புகுந்து அந்தப் பக்கம் போகும். மழைத் தண்ணீர் படாது. மூன்று நாலு மாசம் காய் கெடாமல் இருக்கும்.

புரட்டாசி மாசம். மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் தவணை 9,000 ரூபாய் கட்ட வேண்டும். அப்போது ஆறாவது படித்தாள். பருத்தி இன்னும் கைக்கு வரவில்லை. அந்தச் சமயத்தில், செப்டம்பர் 29-ஆம் தேதி, வெளிநாட்டுக்கு வெங்காயம் அனுப்பக் கூடாது என்று மத்திய அரசு தடை போட்டது. பெல்லாரி, சின்ன வெங்காயம் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான். எங்கள் சின்ன வெங்காயம் இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என்று கப்பலேறுகிற சரக்கு. ஊரே ஆடிப் போனது.

தடை போட்ட நாலாம் நாள் ஒரு வியாபாரி வந்தார். "இனிமே விலை இறங்கத்தான் செய்யும். இருக்கிறதைக் கொடுத்துடுங்க, கிலோ 50 போட்டுக்கறேன்" என்றார். 250 கிலோவுக்கு 12,500 ரூபாய்! என் கணவர் ஒரு நிமிஷம் கூட யோசிக்கவில்லை. "ஃபீசும் கட்டிடலாம், மீதி கைச்செலவுக்கும் ஆச்சு. நடறதுக்கு அப்புறம் பாத்து வாங்கிக்கலாம்" என்றார்.

அத்தை திண்ணையிலிருந்து எழுந்து வந்தார். "ஏன்டா, அப்புறம்னா எப்ப? ஐப்பசி முடிஞ்சப்புறமா? நீ விக்கிறது வெங்காயம் இல்லடா, தை மாசத்துச் சோறு" என்றார். கணவருக்குக் கோபம். "ஃபீசு கட்டலைன்னா புள்ளையை வெளிய நிக்க வெப்பாங்க. அதுக்கு என்ன சொல்றே?" என்று அம்மாவிடம் கத்தினார். இரண்டு பேர் சொன்னதும் நியாயம்தான். அதுதான் கஷ்டமே!

நான் அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். விற்றால் 12,500. திரும்ப வாங்கினால்? நடவு நேரத்தில் விதைக்காய்க்கு எப்போதுமே சாப்பாட்டு வெங்காயத்தை விடக் கூட விலைதான். அதுவும் எந்தக் காட்டில் விளைந்தது, அழுகல் இருந்த காடா இல்லையா, எதுவும் தெரியாத காய். நம் பட்டறையில் இருப்பது நான் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்துப் பொறுக்கியது. மறுநாள் காலையில் காதில் இருந்த தோட்டைக் கழற்றி அவரிடம் கொடுத்தேன். "என்னங்க, இதை வெச்சு ஃபீசு கட்டிட்டு வாங்க. காயைத் தொட வேணாம்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் வாங்கிக் கொண்டு போனார்.

புரட்டாசி கடைசி வாரம் நட்டோம். நாங்கள் பெண்கள் ஆறு பேர், பாருக்கு இரண்டு பக்கமும் குனிந்து நட்டு முடித்தோம். ஐப்பசியில் மழை விடாமல் அடித்தது. கீழ்ப்பக்கம் பள்ளமான இடம், தண்ணீர் வடியவில்லை. வாய்க்கால் வெட்டி விட்டும் மூன்றில் ஒரு பங்கு அழுகிப் போயிற்று. கணவர் வரப்பில் நின்று பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்கு வந்துவிட்டார். அந்த ஒரு வாரம் எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் சரியாகப் பேசவில்லை.

ஆனால் அதே வருஷம் மகாராஷ்டிரத்திலும் காலம் தப்பிப் பெய்த மழையில் வெங்காயம் போய்விட்டது. தடை போட்டும் விலை இறங்கவில்லை, ஏறியது. மார்கழியில் மேட்டுப் பக்கம் எடுத்ததில் எங்களுக்கு 14 மூட்டை வந்தது. மூட்டைக்கு 60 கிலோ. கிலோ 90 ரூபாய்க்குப் போனது. 75,600 ரூபாய். கூலி, வண்டிச் சத்தம், கமிஷன் எல்லாம் போகவும் தோட்டை மீட்டு, மூன்றாம் தவணையும் கட்டி, வீட்டுக்குக் கூரை ஓடு மாற்றினோம்.

இதைப் படித்துவிட்டு, "ஆகா, வெங்காயம் போட்டால் பணம் கொட்டும்" என்று யாரும் நினைக்க வேண்டாம். 2022-இல் அதே திண்ணையில் உட்கார்ந்து கிலோ 15 ரூபாய்க்குக் கேட்டார்கள். எடுத்த கூலிக்கும் கட்டவில்லை. விலை நம் கையில் இல்லை. மழையும் நம் கையில் இல்லை. நம் கையில் இருப்பது விதைக்காய் ஒன்றுதான். அந்த நஷ்ட வருஷத்திலும் நல்லதாக 250 கிலோ பொறுக்கிப் பட்டறையில் ஏற்றிய பிறகுதான் மீதியை விற்றோம். அதனால்தான் அடுத்த பட்டத்துக்குக் கடன் வாங்காமல் காட்டில் இறங்க முடிந்தது. இப்போதெல்லாம் வியாபாரி வந்தால் என் கணவரே, "விதைக்காய் அவங்க கணக்கு, அவங்களைக் கேளுங்க" என்று என்னைக் கை காட்டிவிடுகிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெங்காயத்தில் ஆண்கள் உழுவார்கள், மருந்து அடிப்பார்கள், மண்டிக்குக் கொண்டு போவார்கள். காய் பொறுக்குவது, நடுவது, களை எடுப்பது, பிடுங்குவது, தாள் அரிவது எல்லாம் பெண்கள்தான். நாள் முழுக்கக் குனிந்து நட்டு ராத்திரி முதுகு நிமிராது. எத்தனை சோப்புப் போட்டாலும் கையில் வாடை போகாது. எந்தக் காய் நிற்கும், எந்தக் காய் அழுகும் என்று தொட்டவுடன் சொல்கிற கை அது. அந்தக் கைக்காரியிடம் "விற்கலாமா, வைக்கலாமா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் குடும்பம் குறைந்து போகாது. நகரத்துத் தோழிகளும் உங்கள் வீட்டுக் கணக்கில் இப்படி ஒரு 'விதைக்காய்' இருக்கிறதா என்று பாருங்கள். சீட்டுப் பணமோ, தையல் மெஷினோ, பிள்ளைகள் படிப்புக்கென்று ஒதுக்கியதோ எதுவாகவும் இருக்கலாம். அவசரம் என்று வரும்போது முதலில் கண்ணில் படுவது அதுதான். கடைசியாகத் தொட வேண்டியதும் அதுதான்.

கடைசியாகச் சில குறிப்புகள்:

* கடையில் சின்ன வெங்காயம் வாங்கி வந்ததும் பிளாஸ்டிக் பையிலிருந்து எடுத்து, மூங்கில் கூடையிலோ வலைப் பையிலோ பரப்பி, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். பை புழுங்கினால் இரண்டு நாளில் முளையும் அழுகலும் வரும்.

* உருளைக்கிழங்கையும் வெங்காயத்தையும் ஒரே கூடையில் போடாதீர்கள். ஒன்றை ஒன்று கெடுக்கும்.

* ஒரு காய் அழுகினாலும் உடனே எடுத்துவிடுங்கள். வாரத்துக்கு ஒரு தடவை கூடையைக் கிளறிப் பாருங்கள்.

* முளைத்த காயைச் சாப்பிடலாம், தப்பில்லை. ருசி கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். அதற்கு நடுவதே லாபம்.

* தொட்டியில் எடுத்ததில் நல்ல காயாக ஒரு பிடி ஒதுக்கி, தனி வலைப் பையில் போட்டு, அடுப்படிப் புகையும் ஈரமும் படாத இடத்தில் தொங்க விடுங்கள். அடுத்த பட்டத்துக்கு அதுவே விதைக்காய்.

புரட்டாசி, ஐப்பசி இரண்டு மாசமும் நடலாம். கூடையைக் கொட்டிப் பாருங்கள், பத்துக் காயாவது முளை விட்டிருக்கும். அதில் ஆரம்பியுங்கள். எங்கள் பக்கத்து முறையை எழுதிவிட்டேன். திண்டுக்கல், திருப்பூர், நாமக்கல் பக்கத்துத் தோழிகள் உங்கள் ஊரில் விதைக்காயை எப்படிப் பத்திரப்படுத்துகிறீர்கள் என்று எழுதினால் நானும் தெரிந்துகொள்வேன்.

அன்புடன்,
ஒரு வாசகி,
பெரம்பலூர் மாவட்டம்.